டிஸ்மிஸ் ஆர்டரை நீதிமன்றம் எப்படிப் படிக்கிறது?

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு மாலை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் சங்க அலுவலகத்துக்கு ஒரு தம்பி வந்தார். சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். மஞ்சப்பையிலிருந்து ஐந்து காகிதங்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். சார்ஜ் மெமோ, அவர் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதம், விசாரணைக் குறிப்பு ஒரு பக்கம், விசாரணை அறிக்கை இரண்டு பக்கம், கடைசியாக டிஸ்மிஸ் ஆர்டர். மூன்றாவது ஷிப்டில் தூங்கினார் என்பது குற்றச்சாட்டு.

மன்னிப்புக் கடிதத்தைத்தான் முதலில் எடுத்துப் படித்தேன். நீல மையில், கோடு போடாத தாளில் நாலே வரி. ‘ஐயா, நேற்று இரவுப் பணியில் நடந்த தவறுக்கு வருந்துகிறேன். இனி இப்படி நடக்காது. இந்த ஒரு முறை மன்னிக்கவும்.’ கீழே தேதி, கையெழுத்து. என்ன நடந்தது என்று கேட்டேன். அன்றைக்கு இரண்டாவது ஷிப்ட் முடித்தவரை, மாற்ற வேண்டிய ஆள் வராததால் மூன்றாவது ஷிப்டுக்கும் நிறுத்தியிருக்கிறார்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவரிடம் மீட்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் சாய்ந்திருக்கிறார். இதில் ஒரு சொல்கூட அந்த நாலு வரியில் இல்லை.

“மன்னிப்பு எழுதிக் குடுத்தா வுட்டுடறோம்னு சொன்னாங்கண்ணே. எழுதிக் குடுத்தேன். ரெண்டு மாசம் கழிச்சு இத நீட்டுறாங்க.”

விசாரணைக் குறிப்பின் கடைசி வரியைக் காட்டி, இது என்ன தம்பி என்றேன். ‘நிர்வாகச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விரும்பவில்லை’ என்று டைப் செய்திருந்தது. அதன் கீழே அவருடைய கையெழுத்து.

“போடச் சொன்னாங்கண்ணே, போட்டேன்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: “ஜட்ஜுகிட்ட நேர்ல சொன்னா நம்புவாரு இல்லண்ணே?”

எந்த ஜட்ஜ் என்பதைப் பொறுத்தது அது. நான் வழக்கறிஞன் அல்ல. இருபது வருடமாகச் சங்க மேசையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவன். வேலை போனவர்கள் திரும்பத் திரும்ப ஏமாந்து நிற்கும் இடம் இதுதான் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ‘கோர்ட்’ என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் ஒரு டிஸ்மிஸ் ஆர்டரைத் தொழிலாளர் நீதிமன்றம் படிக்கும் விதம் வேறு, உயர் நீதிமன்றம் படிக்கும் விதம் வேறு. இரண்டுக்கும் முன்னால், தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு அறையில் மின்விசிறிக்குக் கீழே நடக்கும் விசாரணையில் எழுதப்படும் காகிதத்தைத்தான் இரண்டு நீதிமன்றங்களும் படிக்கப்போகின்றன.

உயர் நீதிமன்றம் பார்க்கும் அளவு

மேலிருந்து கீழே வருவோம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரே உயர் நீதிமன்றம், சென்னையில். அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவின்கீழ் அதற்கு நீதிப்பேராணை (ரிட்) அதிகாரம் உண்டு. பெரிய அதிகாரம் என்பதால் எல்லாவற்றையும் அலசி ஆராயும் என்று நம்மவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அங்கேதான் ஏமாற்றம்.

இந்த அதிகாரத்தின் எல்லையைச் சொல்லும்போது இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு ஒன்று, நமக்குப் பழக்கமான ஒரு பஸ் தடத்திலிருந்து வந்தது. சென்னை–சிதம்பரம் தடத்துக்கான பெர்மிட் யாருக்கு என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1963-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: கீழே உள்ள தீர்ப்பாயம் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு, அந்தப் பிழை ஆவணத்திலேயே கண்கூடாகத் தெரிந்தால் உயர் நீதிமன்றம் திருத்தலாம், சாட்சியத்தை எடைபோட்டதில் பிழை என்றால், அது எவ்வளவு பெரிய பிழையானாலும், பேராணையில் திருத்த முடியாது. சாட்சியமே இல்லாமல் ஒரு முடிவுக்கு வந்திருந்தால் அது வேறு. அதைச் சட்டப் பிழையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

1995-இல் உச்ச நீதிமன்றம் இதையே ஒழுங்கு நடவடிக்கை வழக்கொன்றில் இன்னும் தெளிவாக வைத்தது. நீதிமன்ற மறுஆய்வு என்பது மேல்முறையீடு அல்ல. முடிவு சரியா என்று பார்ப்பதைவிட, முடிவுக்கு வந்த வழி நேர்மையானதா என்று பார்ப்பதே அதன் வேலை. உரிய அதிகாரி விசாரித்தாரா, இயற்கை நீதி காக்கப்பட்டதா, முடிவுக்கு ஏதாவது சாட்சியம் இருந்ததா. இத்தனைக்கும் ஆம் என்றால், ‘நான் செய்யவில்லை’ என்று சென்னையில் போய் எவ்வளவு அழுதாலும் பயன் குறைவு.

அந்த ‘ஏதாவது சாட்சியம்’ என்பது எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதைக் காட்டும் கண்டக்டர் வழக்கு ஒன்று உண்டு. ஹரியானாவில் ஒரு பஸ்ஸைப் பறக்கும் படை நிறுத்திச் சோதித்தது. காசு கொடுத்தும் டிக்கெட் பெறாத பயணிகள் 11 பேர் என்று அறிக்கை எழுதியது. அந்தப் பயணிகளிடம் எழுத்தில் வாக்குமூலம் வாங்கவில்லை. விசாரணைக்கும் அவர்களை அழைக்கவில்லை. கீழ் நீதிமன்றங்கள் கண்டக்டர் பக்கம் நின்றன. 1977-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். தொழிலாளர் மீது அவருக்கு இருந்த பரிவு ஊரறிந்தது. அவரே எழுதினார்: உள்விசாரணைக்குச் சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி விதிகள் கிடையாது, நம்பத்தக்கதும் பொருத்தமானதுமான தகவல் ஏதேனும் இருந்தால் போதும், அது போதுமான அளவா என்று அளந்து பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல. விழுப்புரம் கோட்டத்து அரசு பஸ் கண்டக்டர்கள் பலர் என் எதிரே உட்கார்ந்து, “பயணியைக் கூப்பிட்டு விசாரிக்கலையே சார்” என்பார்கள். அந்த வாதம் 1977-லேயே தீர்ந்துபோன வாதம் என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

போலீஸ் வழக்கில் விடுதலை ஆனதும் வேலை தானாகத் திரும்பிவிடும் என்ற நம்பிக்கையும் இதே வகைதான். குற்றவியல் நீதிமன்றத்துக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும். உள்விசாரணைக்கு எந்தப் பக்கம் தட்டு தாழ்கிறது என்பது போதும். இரண்டிலும் குற்றச்சாட்டும் சாட்சிகளும் ஒன்றாகவே இருந்து, சாட்சியம் நம்பும்படி இல்லை என்று கண்டே விடுதலை செய்திருந்தால் அது உதவலாம். சாட்சி பிறழ்ந்ததால் கிடைத்த விடுதலைக்கு அந்த வலு கிடையாது.

பேராணை நேரடியாக யார்மேல் செல்லும் என்பதும் ஒரு கேள்வி. நெய்வேலி என்.எல்.சி. மத்திய அரசின் நிறுவனம், அதன்மேல் செல்லும். ஆனாலும் தொழிலாளி என்றால் சென்னையில் உள்ள மத்திய அரசுத் தொழில் தீர்ப்பாயத்துக்கு முதலில் போ என்று சொல்லிவிடுவதுதான் பெரும்பாலும் நடப்பது. சிப்காட்டிலோ புதுச்சேரியின் சேதராப்பட்டிலோ உள்ள தனியார் கம்பெனி போட்ட டிஸ்மிஸ் ஆர்டரை எதிர்த்து நேராக உயர் நீதிமன்றம் போக முடியாது. தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, அந்தத் தீர்ப்பைத்தான் அங்கே கொண்டுபோக முடியும்.

தண்டனையைக் குறைக்கும் அதிகாரம்

ஆகவே தொழிலாளிக்கு உண்மையான களம் தொழிலாளர் நீதிமன்றம்தான். இந்த நிலையும் எப்போதும் இருந்ததல்ல. 1958-இல் இந்தியன் அயர்ன் அண்ட் ஸ்டீல் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நிர்வாகத்தின் தண்டனையில் தீர்ப்பாயம் எப்போது தலையிடலாம் என்று நான்கு வாசல்களை மட்டும் திறந்துவைத்தது. நிர்வாகத்துக்கு நல்லெண்ணம் இல்லை, பழிவாங்கல், அடிப்படைப் பிழை அல்லது இயற்கை நீதி மீறல், சாட்சியத்தோடு ஒட்டாத முடிவு. இவற்றில் ஒன்றும் இல்லையென்றால், சின்னத் தப்புக்கு வேலையே போனாலும் தீர்ப்பாயம் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

தொழில் தகராறு சட்டத்தில் 1971 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த 11-ஏ பிரிவு அந்தக் கட்டை அவிழ்த்தது. பணிநீக்கம் நியாயம்தானா என்று தொழிலாளர் நீதிமன்றமே தன் மனத்துக்குச் சரியெனப் படும்படி முடிவெடுக்கலாம். தண்டனை அதிகம் என்றால் ரத்து செய்து சின்னத் தண்டனை கொடுக்கலாம். 1973-இல் ஃபயர்ஸ்டோன் டயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன் பொருளை விரித்துரைத்தது: விசாரணை ஒழுங்காக நடந்திருந்தாலும் அதில் வந்த சாட்சியத்தைத் தொழிலாளர் நீதிமன்றம் மறுபடி எடைபோடலாம். உயர் நீதிமன்றத்துக்கு இல்லாத அதிகாரம் இது. பெரிய நீதிமன்றத்தால் முடியாததைச் சின்ன நீதிமன்றத்தால் செய்ய முடியும் என்று நான் சொன்னால் பலர் நம்புவதில்லை.

ஆனால் அதே பிரிவில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. விசாரணை முறைப்படி நடந்தது என்று தொழிலாளர் நீதிமன்றம் கருதினால், அந்த விசாரணையில் பதிவான ஆவணங்களை மட்டுமே பார்க்கும். புதிய சாட்சியம் எடுக்காது. மஞ்சப்பைத் தம்பி நேரில் போய் “காய்ச்சல்யா, டபுள் டூட்டி பாத்தேன்யா” என்று சொல்ல வேண்டுமானால், முதலில் அந்த விசாரணை முறையாக நடக்கவில்லை என்று காட்டியாக வேண்டும். அதனால்தான் இந்த வழக்குகளில் முதல் சண்டை, விசாரணை சரியா தவறா என்ற பூர்வாங்கப் பிரச்சினையில் நடக்கிறது. அதில் தொழிலாளி வென்றாலும் கதை முடிவதில்லை. நிர்வாகம் கேட்டுக்கொண்டால், குற்றச்சாட்டை நீதிமன்றத்திலேயே புதிதாக நிரூபிக்க அதற்கு வாய்ப்புத் தரப்படும். விசாரணை செல்லாது என்று ஆனதுமே இனிப்பு வாங்கி வந்து கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

விசாரணையில் எது எது குறையாகும்? குற்றச்சாட்டு இன்ன நாள், இன்ன நேரம், இன்ன செயல் என்று தெளிவாக இல்லாதது. நிலையாணையில், அதாவது ஆலையின் எழுதப்பட்ட பணி விதிகளில், தவறான நடத்தை என்று பட்டியலிடாத ஒன்றுக்குத் தண்டித்தது. கிளாக்சோ கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித் தண்டிப்பதை ஏற்கவில்லை. தொழிலாளிக்குப் புரியாத மொழியில் நடத்தி விளக்காமல் விட்டது. கேட்ட ஆவணத்தைத் தராதது. விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்து அவர் பதிலைக் கேட்காமலே தண்டித்தது. அறிக்கை நகல் என்பது தொழிலாளியின் உரிமை என்று 1993-இல் இ.சி.ஐ.எல். வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடிவு செய்தது. ஆனால் நகல் தராததால் உண்மையிலேயே பாதிப்பு வந்ததா என்று பார்க்க வேண்டும், அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் வேலையை மீட்டுத் தர வேண்டியதில்லை என்றும் சேர்த்தே சொன்னது.

சஸ்பெண்ட் காலத்தில் தர வேண்டிய பிழைப்பூதியத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சஸ்பெண்ட் செய்துவிட்டு மாதக் கணக்கில் காசு கொடுக்காமல் விட்டால், தொழிலாளி எதை வைத்து விசாரணைக்கு வருவார்? கோலார் தங்க வயலில் வேலை பார்த்த ஒரு பாதுகாப்பு அதிகாரி, ஊருக்குப் போனவர், பிழைப்பூதியம் கிடைக்காததால் விசாரணைக்குத் திரும்பி வர முடியவில்லை. அவர் இல்லாமலே விசாரணை முடிந்து வேலையும் போனது. 1999-இல் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணை செல்லாது என்றது. தமிழ்நாட்டில் இதற்கென்று 1981-லேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது: முதல் 90 நாளுக்குப் பாதி ஊதியம், அடுத்து 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழு ஊதியம். மத்தியச் சட்டத்தில் 90 நாளுக்குப் பிறகு முக்காலோடு நின்றுவிடும்.

தூக்கத்துக்கு இரண்டு தீர்ப்பு

தண்டனை அளவுக்கு மீறியதா என்பதில் தொழிலாளர் நீதிமன்றத்துக்குக் கை தாராளம். உயர் நீதிமன்றத்துக்கோ, தண்டனை மனசாட்சியை உலுக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். மனசாட்சி எப்போது உலுங்கும் என்று யாரும் அளவுகோல் செய்து வைக்கவில்லை. தூக்க வழக்குகள் இரண்டை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விளங்கும்.

மகாராஷ்டிரத்தில் கலர் கெம் என்ற ரசாயனத் தொழிற்சாலை. இரவு ஷிப்டில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது தூங்கியவர்களை டிஸ்மிஸ் செய்தார்கள். 1998-இல் உச்ச நீதிமன்றம், அது அதிர்ச்சி தரும் அளவுக்கு மிகையான தண்டனை, அப்படி மிகையாகத் தண்டிப்பதும் ஒருவகைப் பழிவாங்கலே என்றது. அடுத்தது புனேயின் பாரத் ஃபோர்ஜ். காலை 11.40 மணிக்கு இரும்புத் தகட்டின்மேல் படுத்து உறங்கிய ஒருவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். 2005-இல் அந்த நீக்கம் சரி என்றது அதே உச்ச நீதிமன்றம். அவர் முன்பே மூன்று முறை தவறான நடத்தைக்காகத் தண்டிக்கப்பட்டவர் என்பது அதில் கனமாக நின்றது. பகலா இரவா என்பதும் முன்வரலாறும் தீர்ப்பைத் திருப்பியிருக்கின்றன. எனக்கு இன்னொன்றும் படுகிறது: காலமும் மாறியிருந்தது. மேலதிகாரியைத் திட்டிய வழக்குகளிலும் இந்த மாற்றம் தெரிகிறது. 1984-இல் டெல்டன் கேபிள் வழக்கில் அதற்கு வேலைநீக்கம் அதிகம் என்ற உச்ச நீதிமன்றம், 2005-இல் மஹிந்திரா வழக்கில் நீக்கம் சரியே என்றது. எண்பதுகளின் தீர்ப்பை நம்பி இன்றைக்கு வாதாடப் போகிறவர் இதைத் தெரிந்து போக வேண்டும்.

தம்பியின் வழக்கில் ஒன்பது வருடத்தில் ஒரு மெமோகூடக் கிடையாது. இதை நிர்வாகம் எங்கும் குறிப்பிடவில்லை. அவரும் எங்கும் எழுதவில்லை. அன்றைய வருகைப் பதிவேட்டைத் தரும்படி விசாரணையில் ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால், பதினாறு மணி நேரம் நின்றது நிர்வாகத்தின் காகிதத்திலேயே பதிவாகியிருக்கும். தரமாட்டோம் என்றிருந்தால் அதுவே விசாரணையின் குறையாகியிருக்கும்.

முள்ளோடைக்கு அந்தப் பக்கம்

கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டர் சொச்சம். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறுவது எல்லாருக்கும் தெரியும். வேலை போனவர் நடக்க வேண்டிய பாதையும் மாறியது என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாடு 1988-இல் தனியாகத் திருத்தம் கொண்டுவந்து, சமரசம் முறிந்தால் தொழிலாளி தானே நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்று வைத்தது. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். அந்தத் திருத்தம் அங்கே செல்லாது. அரசு மனம் வைத்து வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பினால்தான் உண்டு. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்களைப் பிரெஞ்சு அரசின் படை சுட்டு 12 பேர் உயிர்விட்ட ஊர் அது. எட்டு மணி நேர வேலைக்காக ரத்தம் சிந்திய ஊரில், வேலை போன ஒருவர் கோர்ட் வாசலை மிதிக்க அரசின் உத்தரவுக்குக் காத்துக் கிடந்தார். 2010-இல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டு, சமரச அலுவலரிடம் மனு கொடுத்து 45 நாள் ஆனால் நேராகப் போகலாம் என்று வந்தபிறகுதான் இரண்டு பக்கமும் சமமானது. அரசு ஊழியர்களுக்கு வித்தியாசம் இன்னும் இருக்கிறது. நீக்கப்பட்ட புதுச்சேரி அரசு ஊழியர் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போக வேண்டும். கடலூர் அரசு ஊழியருக்கு அப்படி ஒரு தீர்ப்பாயம் இப்போது இல்லை. உயர் நீதிமன்றமே முதல் படி.

2025 நவம்பர் 21 முதல் தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. 11-ஏ பிரிவின் சாரம் அதிலும் இருக்கிறது. ஆகவே மேலே சொன்ன தீர்ப்புகளின் பயன் போகவில்லை. ஆனால் நீதிமன்றம் போக முன்பு மூன்று வருடம் இருந்த கெடு இரண்டு வருடமாகிவிட்டது. ‘பேசிப் பார்ப்போம், பெரியவர் மூலமா சொல்லிப் பார்ப்போம்’ என்று நாளைக் கடத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிலையாணை கட்டாயம் என்பது 300 தொழிலாளரோ அதற்கு மேலோ இருந்தால்தான் என்றாகிவிட்டதும் எனக்குக் கவலை தருகிறது. எது தவறான நடத்தை, எந்த முறையில் விசாரிப்பது என்று எழுதி வைக்கும் கடமையே சிறிய ஆலைகளுக்கு இல்லாமல் போகிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் கதி இன்னும் மோசம். அவருக்கு ஆர்டரே வராது. ஒரு நாள் காலை கேட் பாஸ் வேலை செய்யாது, அவ்வளவுதான்.

ஜெயித்த பிறகும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நிர்வாகம் உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கும். அப்படித் தடை வாங்கினால், வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் தர வேண்டும் என்று பழைய சட்டத்தின் 17-பி பிரிவு சொன்னது. புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. அதற்கு ‘நான் வேறெங்கும் வேலையில் இல்லை’ என்று தொழிலாளி உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். தவறாக நீக்கப்பட்டவருக்கு வேலையோடு பழைய சம்பளமும் தருவதே இயல்பு என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கும் இதே உறுதிமொழியை மனுவின் தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். விட்டுப்போனால் பின்னால் கேட்பது சிரமம்.

தம்பியின் மனுவை நாங்கள் எழுதியபோது முதல் பத்தியிலேயே அந்த மன்னிப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டோம். மறைத்துப் பயனில்லை. ‘தவறு’ என்று எழுதியிருக்கிறதே தவிர என்ன தவறு என்று இல்லை. சார்ஜ் மெமோ வருவதற்கு முந்திய தேதி போட்டிருக்கிறது. இல்லாத குற்றச்சாட்டை எப்படி ஒப்புக்கொள்ள முடியும் என்று கேட்டோம். குறுக்கு விசாரணை வரியைப் பற்றி, கூட ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதே அவருக்குச் சொல்லப்படவில்லை என்று எழுதினோம். விசாரணை செல்லாது என்று பூர்வாங்க உத்தரவு வந்தது. நிர்வாகம் புதிதாகச் சாட்சி விட அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறது. ஷிப்ட் சூப்பர்வைசர் கூண்டில் ஏறினார். வருகைப் பதிவேட்டைத் தாக்கல் செய்யச் சொல்லி எங்கள் வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். அடுத்த வாய்தா அதற்குத்தான்.